சிக்கனம் என்ற தலைப்பின் கீழ்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நெடுங்காலம் யோசித்து எங்கள் அண்ணனைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கை ஒன்பது வருஷம், ஒரு பிசகும் இல்லாமல், கணக்காளர் என்று ஒருவருக்கும் செலவே செய்யாமல் நடத்திக் காட்டிய ஒரே மனிதர் அவர்தான். "செலவே செய்யாமல்" என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

நாங்கள் கால்மிதி செய்கிறோம். இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இன்று வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் உள்ளே போகுமுன் எங்கள் தயாரிப்பின் மேல் ஏறித்தான் போகிறார். நீளமான ஒரே கூடம். ஒரு பக்கம் ரப்பர் சுருள்கள், ஒரு பக்கம் துணிக் கட்டுகள், நடுவில் வெட்டும் இயந்திரம். மூலையில் ஓரம் தைக்கும் இயந்திரத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்பதால் அவருக்கு ஊசியக்கா என்று பெயர். அண்ணன் நிர்வாக இயக்குநர். நான் துணைப் பொது மேலாளர். பொது மேலாளர் என்று யாரும் கிடையாது. பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவதும் துணைப் பொது மேலாளரின் பணிகளில் அடங்கும்.

அண்ணனுடைய நிர்வாகத்துக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. முதலாவது, எந்தச் செலவையும் அவர் பணத்தில் நினைக்க மாட்டார், கால்மிதியில்தான் நினைப்பார். நடுத்தர அளவு, 'நல்வரவு' அச்சடித்தது. ஒரு தடவை அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பிடுங்குவதற்கு டாக்டர் கேட்ட தொகை ஏழு கால்மிதி. "ஒரு பல்லுக்கு ஏழா?" என்று எழுந்து வந்துவிட்டார். இன்னும் இரண்டு டாக்டர்களிடம் விலை விசாரித்து முடிப்பதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டது. அந்த மாபெரும் வெற்றியில் பிறந்ததுதான் இரண்டாவது கொள்கை: எதை வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும்.

துடைப்பத்துக்கும் மூன்று கொட்டேஷன்தான். அதற்காக நான் அலைந்த பஸ் கட்டணம் துடைப்பத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் துடைப்பம் மலிவாகக் கிடைத்தது. பஸ் கட்டணம் வேறு தலைப்பு.

கணக்கு வேலைக்கு மட்டும் அண்ணன் கொட்டேஷன் வாங்கியதில்லை. அதை அண்ணி 'சும்மா' எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி வணிகவியல் படித்தவர், அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது அதை ஒரு தடவை சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரவு எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் அண்ணி தட்டுகளை எடுத்து, சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்வதற்காகக் கொஞ்சம் காத்திருந்து, பழைய செய்தித்தாளை விரித்து, தகரப்பெட்டியைத் திறப்பார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அன்றைய ரசீதுகளை அள்ளி அவர் முன்னால் போடுவார். சில ரசீதுகள் துவைக்கப்பட்டும் வரும். அண்ணி அவற்றைக் கையாலேயே நீவி நீவிப் படிப்பார். பரணிலிருந்து இறக்கிய முதுகில்லாத முக்காலிதான் அவருடைய இருக்கை. முதுகுள்ள நாற்காலிகள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு எதிரே இருந்தன.

எழுதும்போது அவருக்கு ஏதாவது தோன்றும். பெரிய அளவு கால்மிதியில் ஒவ்வொன்றுக்கும் நஷ்டம்தான் வருகிறது என்பார். ஹோட்டல்காரர் பழைய பாக்கியைக் கொடுக்காமலே புதுச் சரக்கு வாங்கிக்கொண்டு போகிறார் என்பார். ரப்பரை மாதம் ஒரு முறை சேர்த்து வாங்கினால் வண்டிக் கூலி மிச்சமாகும் என்பார். அண்ணன் எதையும் காதில் வாங்காதவர் இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். சாப்பிடும்போது "சாப்பாட்டு நேரத்துல கணக்கு பேசாதே" என்பார். படுக்கப் போகும்போது "தூங்குற நேரத்துலயா?" என்பார். காலையில் "கிளம்புற நேரத்துல ஆரம்பிக்காதே" என்பார். நேரம் தவறாமை ஒரு நிர்வாகிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி கணக்கு பேசினார். குரலை உயர்த்தவில்லை. பரிமாறிக்கொண்டேதான் சொன்னார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் எழுதுறேன். அதுக்கப்புறம் ஒரு ஆள் போட்டுக்கோங்க. தோள்வலி தாங்க முடியல. டாக்டர் இப்படி முக்காலியில குனிஞ்சு எழுதறதை நிறுத்தச் சொல்றாரு. அதோட, எனக்குன்னு ஒரு சாயங்காலம் இருந்து எத்தனையோ நாளாச்சு."

அண்ணன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "ஆள் போட்டா செலவாகுமே."

"ஆகட்டும்."

"நீ சும்மா எழுதுறதை விட்டுட்டு, எதுக்கு வெளியாளுக்குக் கொட்டிக் கொடுக்கணும்?"

அண்ணி ரசத்தை எடுத்து வர உள்ளே போய்விட்டார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் மேலிடம் முடிவெடுக்கும்போது துணைப் பொது மேலாளர் குறுக்கே பேசக் கூடாது என்பதால் ரசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே அண்ணன் 'கணக்காளர் நியமனச் செலவு ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார். அண்ணன் தலைவர், நான் செயலாளர், ஊசியக்கா தொழிலாளர் பிரதிநிதி. நான்காவது உறுப்பினராக ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் அண்ணனுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சொந்தமாக மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடிய அனுபவம் உள்ளவர். இப்போது அந்த அனுபவத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அமர்வுக்கு ஐம்பது கால்மிதி. பள்ளித் தோழர் என்பதால் அண்ணன் கொட்டேஷன் விதியைத் தளர்த்தினார்.

ஆலோசகர் மடிக்கணினியைத் துணிக் கட்டின் மேல் வைத்து, சுவரில் படம் காட்டினார். சம்பளம் சின்ன விஷயம் என்றார். வருகிறவர் எதன் மேல் உட்காருவார்? சக்கரம் வைத்த நாற்காலி வேண்டும். எதன் மேல் எழுதுவார்? இழுப்பறை உள்ள மேசை வேண்டும். கண் கெடாமல் இருக்க விளக்கு, வேர்க்காமல் இருக்க மின்விசிறி, நடுவில் குடிக்கத் தேநீர். இதற்கெல்லாம் மேலாக, ஒரு நிபுணருக்கு அமைதி தேவை. ஆகவே கூடத்தின் ஜன்னல் ஓரமாகக் கண்ணாடி அறை ஒன்று கட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கால்மிதி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அண்ணனின் முகம் அதற்கேற்ப இறங்கிக்கொண்டே வந்தது.

ஊசியக்கா கையைத் தூக்கினார். "அம்மா இத்தனை நாளா சாப்பாட்டு மேசையில தானே எழுதினாங்க? அவங்களுக்கு விளக்கு, விசிறி, அமைதி எதுவும் வேண்டாமா?"

"அது வீட்டு முறை. இது நிபுணத்துவம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது" என்றார் ஆலோசகர். அண்ணன் தலையை ஆட்டினார். தொழிலாளர் பிரதிநிதியின் கருத்து பதிவு செய்யப்பட்டு, நிராகரிக்கப்பட்டது.

குழு அடுத்தடுத்து ஐந்து முறை கூடியது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆலோசகர் கட்டணம், தேநீர், பிஸ்கட். கூட்டத்தின்போது இயந்திரங்கள் ஓடக் கூடாது என்பதால் அந்த நேரத்து உற்பத்தியும் நின்றது. கணக்காளரே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, ஆலோசகரின் யோசனைப்படி, கணக்கைத் தானே எழுதிவிடும் மென்பொருள் ஒன்றையும் வாங்கினோம். அண்ணன் அதைத் திறந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, 'உங்கள் கணக்காளரின் பெயர்?' என்பது. அடுத்த கட்டத்துக்குப் போக அது விடவேயில்லை.

இந்த ரசீதுகளையெல்லாம் அண்ணன் வழக்கம்போல அண்ணியின் முன்னால் போட்டார். அண்ணி ஒவ்வொன்றாக நீவிப் படித்தார். கணக்காளருக்கு எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடிக்க ஆன செலவு, இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்காளரை வைத்துக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

"இதையெல்லாம் எந்தத் தலைப்புல எழுதுறது?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செலவைக் குறைக்கத்தானே இவ்வளவும் பண்றோம்? சிக்கனம்னு எழுது."

அண்ணி அப்படியே ஒரு பக்கம் திறந்து, மேலே 'சிக்கனம்' என்று தலைப்பிட்டு, கீழே எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அண்ணியின் வேலைக்கு அவர் காட்டிய மரியாதை அது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதம் பாதி போனதும் கொட்டேஷன் படலம் தொடங்கியது. முதலாவது, பெரிய கட்டடத்தில் இருந்த பெரிய அலுவலகம். உள்ளே போனதும் குளிர்ந்தது. வாசலில் கிடந்தது எங்கள் கால்மிதி இல்லை என்பதை அண்ணன் கவனித்து வருத்தப்பட்டார். கோட் போட்ட ஓர் இளைஞர் மாதத்துக்கு நானூறு கால்மிதிக்குச் சமமான தொகையைச் சொன்னார். அது ஏன் என்று விளக்க ஆரம்பித்தார். விளக்கத்துக்கும் கட்டணம் உண்டு என்று தெரிந்ததும் விளக்கத்தின் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டோம். பாதி விளக்கத்துக்குப் பாதிக் கட்டணம் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் கேட்டது வெறும் நூறு. அண்ணனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சோதனைக்காக அன்றைய ரசீதுகளைக் கொடுத்தோம். அவர் கையை எட்டிய தூரம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ரசீதிலும் இருந்த தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டார். எங்கள் வருமானம் ஒரே நாளில் ஒரு சின்ன நாட்டின் வருமானம் ஆகிவிட்டது. அண்ணன் அந்தத் தொகையைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் பெரியவருக்கு வணக்கம் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, மருந்துக்கடை மாடியில் இரண்டே அறைகளில் நடந்த ஒரு சின்ன நிறுவனம். கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பகுதி நேரக் கணக்காளர்களை அனுப்புவது அவர்கள் தொழில். நடத்துவது ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா. நாங்கள் அவரை மாடியம்மா என்று குறிப்பிட்டுக்கொண்டோம். அவர் விலை சொல்வதற்கு முன்னால் கணக்குகளைப் பார்க்க வேண்டும் என்றார். தகரப்பெட்டியைத் திறந்து வைத்தோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் வேகமாகப் புரட்டியவர், போகப் போக மெதுவாகப் புரட்டினார். தேநீர் ஆறிப்போனதையும் கவனிக்கவில்லை.

"இது யாரு எழுதினது?"

"வீட்டுல எழுதுறாங்க, மேடம். சும்மா" என்றார் அண்ணன்.

"என்ன சம்பளம் குடுக்கறீங்க?"

அண்ணன் சிரித்தார். "வீட்டு ஆளுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?"

மாடியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, புதிதாக வருகிறவருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க அவருடைய தொலைபேசி எண் கிடைக்குமா என்று கேட்டார். தாராளமாகக் கேட்கலாம், அவள் வீட்டில் சும்மாதான் இருப்பாள் என்று சொல்லி, அண்ணன் தன் வாயாலேயே எண்ணைக் கொடுத்தார். குழுவின் செயலாளர் என்ற முறையில் நானும் அதைத் தெளிவாக ஒரு முறை திருப்பிச் சொன்னேன்.

மாதம் இருநூற்றைம்பது கால்மிதி என்று பேச்சு முடிந்தது. எங்கள் தொழிலை நன்றாகத் தெரிந்த ஆளாக அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, அண்ணன் இன்னும் குறைக்கச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்றார் மாடியம்மா. பாதியில் முறித்தால் மிச்ச மாதங்களுக்கும் கட்ட வேண்டும். அண்ணனின் கண் தள்ளுபடி என்ற வார்த்தையைத் தாண்டிப் போகவில்லை. ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பது எப்போதும் அண்ணியின் வேலை. அன்றைக்கு அவர் கூட இல்லாததால் அண்ணன் தானே முடிவெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

கணக்காளர் வாரத்துக்கு மூன்று நாள், காலை பத்திலிருந்து இரண்டு வரை வருவார். அவரை மரியாதையாக நடத்த வேண்டும். கணக்கைத் தவிர வேறு எந்த வேலையும் சொல்லக் கூடாது. அந்த நேரத்துக்கு வெளியே கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாலும் மணிக் கணக்கில் தனிக் கட்டணம். இவையெல்லாம் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் அண்ணி அடிக்கடி தொலைபேசியில் பேசினார். ஒரு தடவை பேசி முடித்துவிட்டு, கையில் கரண்டியோடு தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அன்று இரவு அவர், தான் ஒரு வேலையில் சேரப் போவதாகச் சொன்னார்.

"சேரு, சேரு. நல்லதுதானே" என்றார் அண்ணன். "காலையில சமையலை முடிச்சுட்டுக் கிளம்புற மாதிரி பாத்துக்கோ."

என்ன வேலை, எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் அண்ணி சொன்ன சொல் தவறவில்லை. வரிக்கணக்கை உரிய நாளில் அனுப்பினார். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தகரப்பெட்டியை மூடி, அண்ணனின் கையில் கொடுத்தார். அன்றைக்கு இரவு மேசையை யாரும் அவசரமாகத் துடைக்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்த மேசை அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

கணக்காளர் பொறுப்பேற்கும் நாள் வந்தது. ஆலோசகர் சொன்னபடியே கட்டி முடித்த கண்ணாடி அறையில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தார், அதை நிபுணரே கிழிக்கட்டும் என்று. வாசலில் போடுவதற்காகத் தனியாக ஒரு கால்மிதி செய்யப்பட்டிருந்தது. 'கணக்காளர் அவர்களே, வருக' என்று பச்சை எழுத்தில் அச்சடித்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். பக்கத்தில் ஆலோசகர், கட்டணத்தோடு. இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாக நின்றோம். சரியாகப் பத்து மணிக்குக் கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக அண்ணி வந்து நின்றார்.

அண்ணன் பதறிவிட்டார். "என்னம்மா, சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்துட்டேனா?"

"இல்ல சார். உங்க பையிலதான் இருக்கு" என்றார் அண்ணி.

பச்சை எழுத்தின் மேல் நின்று இரண்டு கால்களையும் நிதானமாகத் துடைத்தார். கண்ணாடி அறைக்குள் போனார். நாற்காலியின் உறையைக் கிழித்தார். கூடம் முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. ஊசியக்கா கைதட்ட ஆரம்பித்தார். வரவேற்பு விழாவில் கைதட்ட வேண்டும் என்று ஏற்கெனவே சுற்றறிக்கை போயிருந்ததால், எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஆலோசகரும் தட்டினார்.

அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே போய் மாடியம்மாவுக்கு ஃபோன் போட்டார். "என்னங்க மேடம், என் சம்சாரத்தையே எனக்கு அனுப்பி வச்சிருக்கீங்க?"

"உங்க தொழிலை நல்லாத் தெரிஞ்ச ஆளா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? அவங்களைவிடத் தெரிஞ்ச ஆள் யாரு சார் இருக்காங்க? அவங்களுக்கு மூணு இடம் சொன்னேன். உங்க பட்டறையைத்தான் அவங்களே கேட்டு வாங்கினாங்க."

"அவ எங்க வீட்டு ஆளுங்க."

"வீட்டுல வீட்டு ஆளு. பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் எங்க ஆளு. பிடிக்கலன்னா சொல்லுங்க, வேற ஆளை அனுப்பறேன். ஆனா அந்தப் புது ஆளுக்குச் சந்தேகம் வந்தா உங்க சம்சாரத்தைத்தான் கேக்கணும். அந்த நேரத்துக்குத் தனிக் கட்டணம்."

அண்ணன் மனசுக்குள் கால்மிதிகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு ஃபோனை வைத்தார்.

அன்று இரவு சாப்பிடும்போது, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அண்ணியின் பக்கமாகத் தள்ளினார். அண்ணி அதைத் தொடவில்லை. "நாளன்னிக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்ல குடுங்க. இப்ப பாத்தா மணிக்கு இத்தனைன்னு பில் வந்துடும்" என்றார். உடனே, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றும் கேட்டார். அண்ணன் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கணக்காளரின் முதல் அறிக்கை வந்தது. மாடி நிறுவனத்தின் முத்திரை போட்ட உறையில், கெட்டித் தாளில் வந்தது. அண்ணன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அதை உரக்கப் படித்தார். பெரிய அளவு கால்மிதியில் ஒவ்வொன்றுக்கும் நஷ்டம். ஹோட்டல்காரர் பழைய பாக்கியைத் தீர்க்கும் வரை புதுச் சரக்கு அனுப்பக் கூடாது. ரப்பரை மாதம் ஒரு முறை சேர்த்து வாங்கினால் வண்டிக் கூலி மிச்சம். படிக்கப் படிக்க அண்ணனின் குரல் தழுதழுத்தது.

"பாத்தியா தம்பி? காசு குடுத்தாத்தான் இந்த மாதிரி புத்தி கிடைக்கும். இதை ஏன் இத்தனை வருஷமா ஒருத்தர்கூட நமக்குச் சொல்லல?"

கண்ணாடி அறையின் கதவு திறந்துதான் இருந்தது. "சொன்னது சாப்பாட்டு நேரமா இருந்திருக்கும், சார்" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அறிக்கையில் இருந்த மூன்றையும் அண்ணன் அன்றே நடைமுறைப்படுத்தினார். ஹோட்டல்காரர் இரண்டே வாரத்தில் பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார். இவ்வளவு சுலபமென்றால் முன்னாலேயே கொடுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் கேட்கவே இல்லையே என்றார். தொழில் நிமிர்ந்தது. தன் ஆலோசனையின் வெற்றி என்று சொல்லி ஆலோசகர் ஒரு பில் அனுப்பினார். கணக்காளர் அதைத் திருப்பி அனுப்பினார்.

வருஷ முடிவில் ஆய்வுக் குழுவின் இறுதிக் கூட்டம் நடந்தது. பொருள்: 'ஒரு சிறு நிறுவனம் கணக்காளரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு'. அலுவலக நேரத்தில் நடந்ததால் கணக்காளரும் வந்து உட்கார்ந்தார். அண்ணன் எழுந்து நின்று பேசினார். இப்போது மாதா மாதம் இருநூற்று இருபத்தைந்து கால்மிதி கணக்குக்கே போகிறது என்று வருத்தப்பட்டார். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் கணக்குக்கென்று ஒரு கால்மிதிகூடச் செலவு செய்யாமல் இந்த நிறுவனத்தைத் தான் நடத்தியதைக் குழு தன் அறிக்கையில் பாராட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பாராட்டுத் தீர்மானம் என் கையில் தயாராக இருந்தது. காலையில் அவர்தான் சொல்லி எழுத வைத்தார்.

"அதுலதான் எனக்கு ஒரு சந்தேகம் சார்" என்றார் அண்ணி. "ஒன்பது வருஷம் ஒருத்தர் உக்காந்து எழுதியிருக்காங்க. கையெழுத்து ஒரே கையெழுத்துதான். ஆனா அவங்களுக்குச் சம்பளம் குடுத்த மாதிரி எங்கயும் இல்ல. ஒரு நாற்காலி வாங்கின ரசீதுகூட இல்ல. அவங்க உழைச்சதை நான் எந்தத் தலைப்புல காட்டறது?"

குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆலோசகர் மடிக்கணினியை மெதுவாக மூடினார். நான் தீர்மானத்தைப் பார்த்தேன். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். கணக்காளருக்காக வாங்கிய மின்விசிறி அது.

தொழிலாளர் பிரதிநிதி வாயிலிருந்த ஊசியை எடுத்தார். "சிக்கனம்னு எழுதுங்கம்மா" என்றார் ஊசியக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் உட்கார்ந்தார். பல் டாக்டரிடம் கேட்ட அதே குரலில் அல்ல, வேறு ஏதோ ஒரு குரலில் கேட்டார்.

"அதுக்கு... எத்தனை கால்மிதி ஆகும்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் அண்ணி. "மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க. ஒன்பது வருஷத்துக்கு."

மணி இரண்டானது. அவர் பையை எடுத்துக்கொண்டு, விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டுக் கிளம்பினார். அண்ணன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். அதை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

இறுதி அறிக்கையை எழுதும் பொறுப்பு செயலாளரான எனக்கு. எழுதிவிட்டேன். இதுதான் அது. பாராட்டுத் தீர்மானத்தையும் எடுக்காமல் முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. ஒன்பது வருஷம் கணக்காளருக்குச் செலவே செய்யாமல் நிறுவனம் நடத்தியவர் எங்கள் அண்ணன் என்று சொல்லியிருந்தேன். செலவு ஆகிக்கொண்டேதான் இருந்தது. அதைக் கொடுத்தது அண்ணன் இல்லை.